எட்டாவது துடுப்பு

அத்தியாயம் ஏழு

இம்மாகுலேற் பென்சிலைச் சரித்துப் பிடித்து, சாருஜாவின் வேலை உறுதிக் கடிதத்தின் அடியில் மெல்லத் தேய்த்தாள். வெள்ளைத் தாளில் வெறும் தடிப்பாகக் கிடந்த முத்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து மேலெழும்பியது. ஒரு படகு. அதற்கு மேலே ஒரு நட்சத்திரம். படகின் விளிம்பில் வரிசையாகத் துடுப்புகள்.

“ஏழு,” என்றாள்.

“என்ர கண்ணுக்கு ஏழு சூப்புக் கரண்டி,” என்றார் பெனடிக்ற். இம்மாகுலேற்றின் விசாரணைகளுக்கு வான் ஓட்டுகிற அவர், கேத்திலுக்குப் பக்கத்தில் நின்று மூன்று கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். “நாடு பசியில கிடக்குதெண்டதை முத்திரையிலயே போட்டு வைச்சிருக்கினம்.”

சாருஜா சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, அழுது வீங்கிய கண்ணோடு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது. சட்டம் படித்து முடித்து, வழக்கறிஞராகப் பதிவதற்கு முன்னால் ஒரு சம்பளம் வேண்டுமென்று கரூவா குடியரசின் தூதரகத்தில் செயலாளராகச் சேர்ந்தவள். தூதரகம் என்றால் பெரிய மாளிகை ஒன்றுமில்லை. லண்டன் ஸ்ட்ரெதமில் ஒரு பல் டொக்டரின் கிளினிக்குக்கு மேலே மூன்று அறை.

இந்து சமுத்திரத்தில் எட்டுத் தீவு சேர்ந்த கரூவாவுக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டு வருடம்தான். போன கிழமை பத்திரிகையில் ஒரு கடிதத்தின் படம் வெளிவந்தது. அதில் மார்ச் பதினான்காம் திகதி போட்டிருந்தது. ஓல்டர்விக் என்ற லண்டன் கடன் கொம்பனியிடம் கரூவா நாற்பது மில்லியன் பவுண் வாங்குகிறது. அதற்கு ஈடாக நாட்டின் ஒரே ஆழ்கடல் துறைமுகத்தை அறுபது வருடத்துக்குக் கொடுக்கிறது. அந்த அறுபது வருடமும் எந்த நாட்டுக் கப்பல் உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்பதை ஓல்டர்விக்கிடம் கேட்டுத்தான் கரூவா முடிவெடுக்கும். திறைசேரியும் வெளிநாட்டுக் கொள்கையும் ஒரே தாளில் கைமாறியிருந்தன. கரூவாவில் சனம் தெருவுக்கு இறங்கியது. உடனே அரசாங்கம் ஒரு அறிக்கை விட்டது: அது போலிக் கடிதம், லண்டன் தூதரகத்தில் வேலை செய்யும் உள்ளூர்ப் பெண் ஒருத்தி முத்திரையைக் களவாக எடுத்து அடித்தது.

கடிதத்தின் தலைப்பில் சாருஜாவின் பெயரின் முதல் எழுத்துகள் இருந்தன. தூதரகத்திலிருந்து போகும் எல்லாக் கடிதத்திலும் அவை இருக்கும். இன்று பின்னேரம் நாலு மணிக்குத் தூதரகம் பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப்போகிறது. பொலிஸ் பதிவு ஒன்று விழுந்துவிட்டால் அவள் வழக்கறிஞர் ஆகிற கதை அத்தோடு சரி. அதனால்தான் காலையிலேயே இம்மாகுலேற்றைத் தேடி வந்திருந்தாள்.

“இனி மற்றதைப் பாப்பம்.” இம்மாகுலேற் கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். பத்திரிகைப் படத்தைப் பெருப்பித்து, கடிதத்தின் அடியில் இருந்த பொன்னிற வட்டத்தைத் திரை நிறையக் கொண்டுவந்தாள். அதே படகு, அதே நட்சத்திரம். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஒருமுறை எண்ணி, பிறகு மற்றப் பக்கத்திலிருந்தும் எண்ணினாள்.

“எட்டு.”

பெனடிக்ற் கோப்பையை வைத்துவிட்டு வந்து குனிந்தார். “ஒரு கரண்டி கூடியிருக்கு.”

சாருஜா சட்டென்று நிமிர்ந்தாள். “அன்ரி, அது புது முத்திரை! முதல் செய்தது பிழை. எட்டுத் தீவுக்கு எட்டுத் துடுப்பு இருக்கவேணும். ஒண்டு குறைஞ்சுபோச்செண்டு கடைசித் தீவுக்காரர் பெரிய பிரச்சினை பண்ணினவை. பெப்ரவரியிலதான் கண்டுபிடிச்சது. பிறகு தூதுவர் புதுசு செய்யக் குடுத்தவர்.”

“புதுசு எப்ப வந்தது?”

“நான் நிக்கேக்க வரேல்லை. மார்ச் இருபத்தேழு எனக்குப் பித்தப்பை ஒப்பரேசன். பிறகு கிருமி பிடிச்சுத் திரும்ப ஆஸ்பத்திரி. ஏப்ரல் இருபத்தொண்டுதான் வேலைக்குப் போனனான். அப்ப புதுசு மேசை லாச்சிக்குள்ள கிடந்தது.”

“அப்ப மார்ச் பதினாலு அந்த முத்திரை பிறக்கவே இல்லை,” என்றாள் இம்மாகுலேற். “கடிதத்தைப் பிறகு எழுதி, பழைய திகதி போட்டிருக்கினம். ஏன் பதினாலு? அதில என்ன விசேசம்?”

சாருஜா யோசித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். “மார்ச் இருபது பாராளுமன்றத்தில ஒரு சட்டம் வந்தது. வெளிநாட்டுக் கடனோ துறைமுகக் குத்தகையோ, இனிப் பாராளுமன்றம் ஓமெண்டாத்தான் செல்லும்.”

“ஆறு நாள் முந்திப் போட்டால் சட்டம் தொடாது.” இம்மாகுலேற் பென்சிலை மேசையில் போட்டாள். “முத்திரை செய்தது எந்தக் கடை?”

“ரெய்னர்ஸ் லேனில. எங்கட ஆள்தான். கிறிஸ்துநாயகம் எண்டு.”

“நாயகம் அண்ணையோ! ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில காணிக்கைத் தட்டு பிடிக்கிறவர்.” அவள் கோட்டை எடுத்தாள். “வாகனத்தை எடுங்கோ அண்ணை. பிள்ளை, நீரும் வாரும்.”

“கறுவாப்பட்டை தேடி ரெய்னர்ஸ் லேன் போறது இது முதல் தரமில்லை,” என்றார் பெனடிக்ற், வானின் திறப்பைத் தேடியபடி. “மனுசி கறிக்கு வாங்கிவரச் சொல்லி அனுப்புறவ. ஆனா அதுக்கு ஒருநாளும் துறைமுகம் குடுக்கேல்லை.”

* * *

லண்டனின் தெற்கு ஓரத்துச் சட்டனிலிருந்து வடக்கே ரெய்னர்ஸ் லேன் போவதற்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. வழி நெடுக வீதி வேலை. பெனடிக்ற் பாரிஸில் பத்து வருடம் டெலிவரி வான் ஓட்டிப் பழகியவர். ஒவ்வொரு சிவப்பு விளக்கையும் தன்னோடு தனிப்பட்ட கோபம் உள்ள ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“ஆர் செய்திருப்பினம் எண்டு நினைக்கிறீர்?” என்று இம்மாகுலேற் பின்னால் திரும்பிக் கேட்டாள்.

“தூதுவர் இல்லை,” என்றாள் சாருஜா உடனேயே. “அவர் செய்யமாட்டார் அன்ரி. ஒஸ்வின் தெலார் எண்டால் அங்க சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுதந்திரத்துக்காக ஒன்பது வருசம் சிறையில இருந்தவர். அவற்ற படம் அந்த நாட்டுக் காசுத்தாளில இருக்கு. ஓல்டர்விக் ஆக்கள் ஒருத்தரையும் வாழ்க்கையில சந்திக்கேல்லையெண்டு பத்திரிகைக்கே சொல்லியிருக்கிறார். என்னை மகளே எண்டுதான் கூப்பிடுவார்.”

“உம்மில முறைப்பாடு குடுக்கிறது ஆர்?”

சாருஜா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “மேலிடம் சொன்னா அவர் என்ன செய்யிறது?”

இம்மாகுலேற் பதினாறு வருடம் ஒரு கவுன்சிலில் வேலை செய்தவள். பெனிபிட் என்ற அரசாங்க உதவிப்பணம் எடுப்பவர்கள் பொய் சொல்கிறார்களா என்று விசாரிப்பதுதான் வேலை. நாற்பது பவுண் கூடுதலாக எடுத்துவிட்டாள் என்று ஒரு தாயை அழ அழ மேசைக்கு முன்னால் உட்கார வைத்த நாளன்று, வீட்டுக்குப் போய் மூன்று தரம் கை கழுவினாள். அடுத்த மாதம் வேலையை விட்டாள். அதற்குப் பிறகு பெரிய ஆட்களின் பெரிய பொய்களைத் தேடிப் போனாலாவது அந்த அருவருப்பு போகும் என்று நினைத்தாள். போகவில்லை. அளவுதான் கூடியது.

* * *

கிறிஸ்துநாயகத்தின் கடையில் எல்லாம் உண்டு. திறப்பு வெட்டலாம், சப்பாத்துக்கு அடி போடலாம், றப்பர் ஸ்டாம்ப் செய்யலாம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குக் கிண்ணம் வாங்கலாம். உள்ளே போனதுமே பசை மணம் மூக்கில் ஏறியது. அறுபத்தைந்து வயது மனிதர் இம்மாகுலேற்றைக் கண்டதும் முகம் மலர்ந்தார். அவளுக்குப் பின்னால் வந்த சாருஜாவைக் கண்டதும் அந்த மலர்ச்சி போன இடம் தெரியவில்லை.

“என்ன இம்மா, இந்தப் பக்கம்?”

“ஒரு முத்திரை அண்ணை. எட்டுத் துடுப்பு. எப்ப குடுத்தனீங்கள்?”

“அது… எத்தினை முத்திரை செய்யிறன். ஆருக்கு ஞாபகம்?”

“நாடு ஒண்டுக்கு எத்தினை செய்தனீங்கள்?” என்றார் பெனடிக்ற். “இந்த ரோட்டில வேற எந்த நாடு வந்து வரிசையில நிண்டது?”

கிறிஸ்துநாயகம் ஒரு சப்பாத்தை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கனவே பளபளத்தது. இம்மாகுலேற் காத்திருந்தாள். சாருஜாதான் முன்னுக்கு வந்தாள்.

“அங்கிள், நாலு மணிக்கு என்னைப் பொலிஸில குடுக்கப் போயினம். நான்தான் முத்திரை அடிச்சதெண்டு.”

சப்பாத்து மேசைக்கு வந்தது. மனிதர் கீழே குனிந்து ஒரு ஓடர்ப் புத்தகத்தை எடுத்து, பக்கங்களைத் தட்டினார். “ஏப்ரல் ஒன்பது. புதன்கிழமை. பின்னேரம்.”

சாருஜா மூச்சை இழுத்து விட்டாள். ஏப்ரல் ஒன்பதாம் திகதி அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்தவள்.

“ஆர் வந்து எடுத்தது?” என்று இம்மாகுலேற் கேட்டாள்.

“ஒரு வெள்ளைக்காரர். நல்ல கோட்டு. தூதரகத்தில இருந்து வாறன் எண்டு சொல்லேல்லை. ஓடர் நம்பர் சொன்னவர்.”

“ஒரு நாட்டின்ர முத்திரையை, ஆரெண்டு கேக்காமல் குடுத்திட்டியளோ?”

“நம்பர் சொன்னாக் குடுக்கிறதுதானே பிள்ளை. சப்பாத்தும் அப்பிடித்தான் குடுக்கிறன்.”

பெனடிக்ற் வாயைத் திறந்தார்; பிறகு மூடிக்கொண்டார். சொல்ல வந்ததைவிட அது நன்றாக இருந்தது.

“காசு?”

“கார்ட். அறுபத்தைஞ்சும் வற் வரியும். எழுபத்தெட்டுப் பவுண்.” அவர் பற்றுச்சீட்டின் பிரதியைத் திருப்பி வைத்தார். வாங்கியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அச்செழுத்தில் தெளிவாக இருந்தது: ஓல்டர்விக்.

வெளியே ரயில் ஒன்று போன சத்தம் கேட்டது.

இம்மாகுலேற் அந்தத் தாளை இரண்டாம் தரம் வாசித்தாள். ஒரு நாட்டுக்குக் கடன் கொடுக்கிறவன், அந்த நாட்டின் முத்திரைக்கும் தானே காசு கட்டி, தானே கையில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். பத்திரத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்து வைக்க அவனிடம் சாமான் இருந்திருக்கிறது. நாக்கின் அடியில் பழைய செப்புக்காசை வைத்ததுபோல ஒரு கைப்பு ஊறியது.

“இன்னுமொண்டு சொல்லட்டோ,” என்றார் கிறிஸ்துநாயகம், அவள் முகத்தைப் பார்க்காமல். “பத்துப் பவுண் குறைக்கச் சொல்லிக் கேட்டவர். நான் மாட்டன் எண்டிட்டன். பிறகு பன்ரண்டு கோல்ஃப் கிண்ணம் ஓடர் தந்தவர். வருசா வருசம் தாறனெண்டும் சொன்னவர்.”

“போன கிழமை பத்திரிகையில படத்தைக் கண்டனீங்கள்தானே அண்ணை?”

அவர் ஓடர்ப் புத்தகத்தை மூடினார். “கண்டனான்.”

“உங்கட கையால செய்த முத்திரை. திகதி பிழையெண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“பன்ரண்டு கிண்ணம் இம்மா,” என்றார் அவர்.

பெனடிக்ற் பற்றுச்சீட்டைத் தொலைபேசியில் படமெடுத்து, சாருஜாவுக்கும் அனுப்பிவிட்டார். கிறிஸ்துநாயகம் தானாகவே ஒரு தாளில் நாள், நேரம், வந்த ஆளின் அடையாளம் எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். இம்மாகுலேற் நன்றி சொல்லவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் நீட்டுகிற தட்டில் எப்படிக் காசு போடுவது என்று நினைத்துக்கொண்டு வெளியேறினாள்.

* * *

ஸ்ட்ரெதமுக்கு வந்து சேர மூன்றரை ஆகிவிட்டது. கீழே பல் டொக்டரின் இயந்திரம் கீச்சிட்டது. மேலே, கொடிக்குப் பக்கத்தில், ஒஸ்வின் தெலார் தானே கதவைத் திறந்து அவர்களை உள்ளே அழைத்தார். எழுபதை எட்டிய மெலிந்த மனிதர். கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. அவர் பேசிய ஆங்கிலம் நிதானமாக, வகுப்பெடுப்பதுபோல இருந்தது. சுதந்திரப் போராட்டத்துக்கு முன்னால் அவர் கணித ஆசிரியர்.

“மகளே, உட்கார். தேநீர் குடிக்கிறீர்களா?”

ஒருவரும் குடிக்கவில்லை. இம்மாகுலேற் இரண்டு தாளையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, ஏழு துடுப்பையும் எட்டுத் துடுப்பையும் காட்டினாள். பிறகு பற்றுச்சீட்டு. பிறகு சாருஜாவின் ஆஸ்பத்திரிக் கடிதம். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டார். நல்ல மாணவி ஒருத்தி கரும்பலகையில் கணக்குச் செய்வதைப் பார்ப்பதுபோல இடைக்கிடை தலையசைத்தார்.

“மிகவும் நன்று,” என்றார் முடிவில். “இந்தப் பற்றுச்சீட்டு வேறு யாரிடமாவது இருக்கிறதா?”

அந்தக் கேள்வி இம்மாகுலேற்றுக்கு உறுத்தியது. குற்றவாளி யார் என்று முதலில் கேட்கவேண்டியவர், தாள் யாரிடம் என்று கேட்கிறார்.

“ஏன் கேட்கிறீர்கள்?”

அவர் பதில் சொல்வதற்குள் பெனடிக்ற் இருமினார். அவர் அலுமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அங்கே தெலார் சிறைவாசலால் வெளியே வரும் பெரிய படம் ஒன்று சட்டம் போட்டு வைத்திருந்தது. அதன் பின்னால் ஏதோ மினுங்கியது. பெனடிக்ற் படத்தை ஒரு விரலால் தள்ளி, எட்டிப் பார்த்து, வாசித்தார்.

“ஓல்டர்விக் கோல்ஃப் கிண்ணம். மே மாதம். மூன்றாம் இடம்.” அவர் தமிழுக்கு மாறினார். “நாட்டைக் குடுத்தும் மனுசனுக்கு மூண்டாம் இடம்தானாம் தங்கச்சி.”

சாருஜா எழுந்து நின்றாள். அந்த ஒரு பார்வையில் அவள் முகம் வயது போனதுபோல ஆயிற்று. “நீங்கள் அவர்களைச் சந்தித்ததே இல்லை என்று சொன்னீர்கள்.”

தெலார் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்து, அவர்கள் பக்கம் நகர்த்தினார்.

“நீங்கள் மூன்று மணித்தியாலம் பிந்திவிட்டீர்கள். இன்று மதியம் எங்கள் அரசாங்கம் புதிய அறிக்கை விட்டிருக்கிறது. வாசியுங்கள்.”

இம்மாகுலேற் வாசித்தாள். தீர விசாரித்ததில் கடிதம் உண்மையானது என்று தெரியவந்துள்ளது. அது மார்ச் பதினான்காம் திகதி, சட்டத்துக்கு முன்னர், முறைப்படி எழுதப்பட்டது. கடன் செல்லுபடியாகும். போலி என்ற பேச்சு தவறான புரிதல். ஊழியர் எவர் மீதும் முறைப்பாடு இல்லை.

“காலமை போலி. மத்தியானம் அசல்,” என்றார் பெனடிக்ற். “பால்கூட இவ்வளவு கெதியாத் திரியாது.”

“அப்ப நான் குற்றவாளி இல்லையோ?” சாருஜா தமிழில்தான் கேட்டாள். கேட்டது இம்மாகுலேற்றிடம். குரலில் நிம்மதியும் இல்லை, கோபமும் இல்லை, வெறும் குழப்பம்.

“குற்றமே இல்லையெண்டிட்டினம் பிள்ளை. பிறகெங்க குற்றவாளி?” அவள் தெலாரிடம் திரும்பினாள். “ஓடர் நம்பரை அவர்களுக்கு யார் கொடுத்தது?”

“நான்தான்.” அவர் மறைக்கவில்லை. “ஏப்ரலில் பேரம் பேச எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை அம்மா. எங்களை ஆண்ட வெளிநாட்டார் போகும்போது திறைசேரியைத் துடைத்துக்கொண்டு போனார்கள். உதவி தருகிறோம் என்று வந்த ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு கயிறோடு வந்தது. ஆசிரியர்களுக்கும் தாதிமாருக்கும் மூன்று மாதச் சம்பளம் இல்லை. அன்று இந்தத் தூதரகத்தின் வங்கிக் கணக்கில் எழுபத்தெட்டுப் பவுண் இருக்கவில்லை. எங்கள் முத்திரையை எடுக்க எங்களிடம் காசு இல்லை. அவர்கள் கட்டுகிறோம் என்றார்கள். கட்டட்டும் என்றேன். முத்திரை இரண்டு நாள் அவர்களிடம் இருந்தது. கடிதத்தோடு திரும்பி வந்தது. நான் கையெழுத்து வைத்தேன்.”

இம்மாகுலேற்றுக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது. ஒன்பது வருடம் இருட்டறையில் இருந்துவிட்டு வந்த மனிதன் எழுபத்தெட்டுப் பவுணுக்கு வழியில்லாமல் நின்றதை நினைத்துப் பார்த்தாள். அந்த இரக்கம் முழுசாக உருவாகும் முன்னரே சாருஜா கேட்டாள்.

“மே மாதம் வந்த ஐந்து மில்லியன் இந்தக் கடனின் முதல் தவணைதானே? சம்பளம் கொடுத்தாயிற்றா?”

தெலார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “சில அவசரச் செலவுகள் இருந்தன. அரசாங்கம் என்றால் ஒரு தோற்றம் வேண்டும்.”

“எட்டு வாகனம்,” என்றாள் சாருஜா. “எட்டு அமைச்சருக்கு எட்டு வாகனம். கப்பலில் ஏற்றிய பத்திரம் என் கையால்தான் போனது. கட்டியது யார் என்று அப்போது எனக்குத் தெரியாது.”

“அடுத்த தவணை வந்ததும் சம்பளம்தான். கடிதம் உண்மை என்று நாங்கள் நின்றால் ஓல்டர்விக் நாளைக்கே தரும். அதற்கு ஒரு சின்ன வேலை மிச்சம் இருக்கிறது, மகளே.” அவர் இரண்டாவது தாள் ஒன்றை எடுத்தார். அதோடு ஒரு பேனையும். “மார்ச் பதினான்காம் திகதி இந்தக் கடிதத்தை நீதான் தட்டச்சுச் செய்து முத்திரை வைத்தாய் என்று ஒரு வாக்குமூலம். அன்று நீ வேலையில்தானே இருந்தாய். உன் முதலெழுத்தும் இருக்கிறது. யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து நீ இங்கே இரண்டாம் செயலாளர், இராஜதந்திரப் பதவி. சம்பளம் இரட்டிப்பு. வழக்கறிஞர் பதிவுக்கு நானே நற்சான்று எழுதுவேன்.”

இம்மாகுலேற்றுக்கு எழுந்து ஜன்னலைத் திறக்கவேண்டும்போல இருந்தது. காலையில் இந்தப் பெண்ணின் பெயரைக் குப்பைக்கூடையாகப் பாவித்தார்கள். பின்னேரம் அதே பெயரைப் பூட்டுக்குத் திறப்பாகக் கேட்கிறார்கள். கேட்கிற வாய் ‘மகளே’ என்கிறது.

“போன கிழமை அவளைக் கள்ளி என்று சொன்னபோது நீங்கள் ஏன் பேசாமல் இருந்தீர்கள்?” என்றாள்.

“இளம் பிள்ளை. வேறு நாட்டுக்காரி. கொஞ்சக் காலத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.” அவர் அதை மிக நேர்மையாகச் சொன்னார். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

“நான் கையெழுத்து வைக்காவிட்டால்?” என்று கேட்டாள் சாருஜா.

“வேலை இருக்காது. நற்சான்று இருக்காது. யாராவது கேட்டால், நம்பிக்கையில்லாத ஊழியர் என்று சொல்லவேண்டி வரும். எனக்கு அது விருப்பமில்லை.”

கீழே பல் டொக்டரின் இயந்திரம் நின்றது. சாருஜா பேனையை எடுத்தாள். பெனடிக்ற் “பிள்ளை…” என்று தொடங்க, இம்மாகுலேற் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். இது அந்தப் பெண்ணின் பெயர். அவள்தான் தீர்மானிக்கவேண்டும்.

சாருஜா பேனையின் மூடியை மாட்டி, தாளின் மேல் நீட்டி வைத்தாள்.

“ஆஸ்பத்திரியில் என் பித்தப்பையைத்தான் எடுத்தார்கள் ஐயா,” என்றாள். “முதுகெலும்பை எடுக்கவில்லை.”

கைப்பையிலிருந்து தூதரகத்தின் திறப்பை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள். தெலார் முதல் தடவையாக அவளுடைய கண்ணைப் பார்க்கமுடியாமல் பார்வையைத் தாழ்த்தினார்.

* * *

தெருவில் பஸ்களும் சனமும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும். இம்மாகுலேற் ஒரு தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, நடைபாதையோரம் குனிந்து கையைக் கழுவினாள். மிச்சத் தண்ணீரில் வாயையும் கொப்பளித்தாள். பெனடிக்ற் வானின் கண்ணாடியில் செருகியிருந்த பார்க்கிங் தண்டச் சீட்டை உருவிப் பார்த்து, சட்டைப்பையில் வைத்தார்.

“இதுகளை அனுப்ப ஆர் இருக்கினம் பிள்ளை?” என்று இம்மாகுலேற் கேட்டாள். “அந்த நாட்டில இதை வாசிக்க விரும்புற ஆள் ஒண்டாவது இருக்கோ?”

“ஒராள் இருக்கிறா,” என்றாள் சாருஜா. “அந்த அரசாங்கத்தின்ர கணக்குகளைச் சோதிக்கிற தலைமைக் கணக்காய்வாளர். மரீட்டா சொலென். கடனைப் பற்றிக் கேட்டு மூண்டு கடிதம் போட்டவ. மறுமொழி எழுதவேண்டாம், லாச்சிக்குள்ள போடெண்டு தூதுவர் சொன்னவர். நம்பர் எனக்குப் பாடம்.”

நாலுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பற்றுச்சீட்டு, கிறிஸ்துநாயகத்தின் தாள், இரண்டு முத்திரையின் படம், ஆஸ்பத்திரிக் கடிதம், எல்லாவற்றையும் அவள் நடைபாதையில் நின்றபடியே அனுப்பினாள். பத்து நிமிடத்துக்குள் தொலைபேசி அடித்தது. சாருஜா சத்தத்தைக் கூட்டி மூவரும் கேட்கும்படி பிடித்தாள்.

மறுமுனையில் இருந்த பெண்ணின் குரல் களைத்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. “நான்கும் கிடைத்தது. இது போதும். இரண்டாவது தவணையை வாங்கக்கூடாதென்று இப்போதே மத்திய வங்கிக்குத் தடை எழுதுகிறேன். நாளை காலை பத்து மணிக்குப் பாராளுமன்றம் கூடுகிறது. துறைமுகத்தைப் பற்றி அங்கே வாக்கெடுக்காமல் இனி ஒருவரும் ஒரு அடி நகரமுடியாது.” தாள் புரட்டும் சத்தம் கேட்டது. “ஒன்று கேட்கவேண்டும். தூதரகத்துக்குள் இருந்தவர் சொன்னார் என்று பெயரில்லாமல் வாசித்தால், வெளிநாட்டுச் சதி என்பார்கள். பெயரோடு வாசித்தால் நிற்கும். ஆனால் அந்தப் பெயரை அவர்கள் சும்மா விடமாட்டார்கள். உங்களுக்கு இங்கே ஊரும் இல்லை, வாக்கும் இல்லை. வேண்டாம் என்றால் எனக்கு விளங்கும்.”

ஒரு பஸ் இரைச்சலோடு கடந்து போனது. சாருஜா நிமிர்ந்து பார்த்தாள். மேலே, கொடி தொங்கிய ஜன்னலில் திரை அசைந்தது. இம்மாகுலேற் அவளைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றாள். ஒரு முகம்கூட அவளை அவசரப்படுத்தக்கூடாது.

“போடுங்கள்,” என்றாள் சாருஜா. “முழுப் பெயரையும் போடுங்கள். எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன், பிழை விடாமல் எழுதுங்கள்.”

அவள் தன் பெயரையும் தகப்பனின் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். வாகனச் சத்தத்தில் ஒரு எழுத்து விளங்கவில்லை என்றாள் மறுமுனைக்காரி. சாருஜா தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரலை உயர்த்தி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.